தங்கூசிக்கு ஒரு தீர்மானம்

கடைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது சொல்லச் சொன்னார்கள். ரீலில் தங்கூசியை, அதாவது தூண்டிலுக்கான நைலோன் நூலை, சுற்றுவது, முடிச்சை எச்சில் தொட்டு இறுக்குவது எல்லாம் கை பழகினால் வந்துவிடும். வராதவர்கள் சப்பாத்துக் கடையில் வேலை தேடலாம், அங்கே முடிச்சை வாடிக்கையாளரே போட்டுக்கொள்வார். நான் சொல்லப்போவது, களையும் விழுந்த மரமும் மண்டிக்கிடக்கிற குளத்துக்குத் தங்கூசி கேட்டு ஒருவர் வந்தால் நீங்கள் எப்படித் தலையைப் பாவிக்க வேண்டும் என்பதைப் பற்றி. அந்த மாதிரிக் குளத்துக்கு எதை விற்பது என்பது ஒரு நிமிடத்தில் முடிகிற கேள்வி. கேட்கிற மனிதருக்கு எப்படி விற்பது என்பதில்தான் எனக்கு முடி நரைத்தது.

எண்பதுகளின் நடுவில் லண்டன் ஹவுன்ஸ்லோவில் இந்தக் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். செய்தி பரவியதும் சொந்தக்காரர்கள் துக்கம் விசாரிக்கிற குரலில் போன் எடுத்தார்கள். "தூண்டில் விக்கிற கடையோ? எங்கட ஆக்கள் செய்யிற வேலையோ அது?" என்று கேட்டாள் ஒரு மச்சாள். ஊரில் மீன் இல்லாமல் சோறு இறங்காது, மீன் பிடிக்கிறவன் மட்டும் படலைக்கு வெளியே நிற்க வேண்டும் என்று வளர்ந்த சனம் அது. அதே மச்சாள் அடுத்த கிழமை போன் எடுத்து, கடையில் மிஞ்சுகிற மீனைக் கொண்டுவர ஏலுமோ என்று கேட்டாள். கடையில் உயிரோடு இருப்பவை புழுக்கள் மட்டும்தான், வேண்டுமானால் அரைக் கிலோ கொண்டுவருகிறேன் என்றேன். அதற்குப் பிறகு என் வீட்டில் தேத்தண்ணீர் குடிக்கவும் அவள் யோசித்தாள்.

முதலாளி ஒரு வெள்ளைக்காரர். பேச்சில் சிக்கனம், ஹீட்டர் போடுவதில் அதைவிடச் சிக்கனம். அவர் எனக்கு உருப்படியாகச் சொல்லித்தந்தது ஒரே ஒரு விஷயம். "என்ன மீன் என்று கேட்காதே. அதைக் கேட்காமலே சொல்வார்கள், இரண்டு மடங்காக்கியும் சொல்வார்கள். தண்ணீருக்கு அடியில் என்ன கிடக்கிறது என்று கேள்." மற்றதெல்லாம் நான் அவர் விட்ட பிழைகளைப் பார்த்துக் கற்றது.

இனி ரத்தினத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தக் கதையில் இழப்பதற்கு ஏதாவது இருந்த ஒரே ஆள் அவர்தான்.

ரத்தினம் எங்கள் கடை வாடிக்கையாளர், விமான நிலையத்தில் பெட்டி ஏற்றுகிற வேலை. மனைவியும் பிள்ளைகளும் கொழும்பில் ஒரு லொட்ஜ் அறையில் விசாவுக்காகக் காத்திருந்தார்கள். அவர் இங்கே ஒரு வீட்டின் பின்னறையில் வாடகைக்கு இருந்தார். ஷிப்ட் முடிந்தால் அறை, அறையில் தொலைபேசி அட்டை, அட்டை முடிந்தால் சுவர். அப்படி இருந்த மனிதரை வேலைத்தலத்து மேற்பார்வையாளர் ஒருவர் தான் உறுப்பினராக இருந்த கிளப்பின் குளத்துக்கு ஒருநாள் கூட்டிக்கொண்டு போனார். விமான நிலையத்துக்குப் பக்கத்தில் கட்டிட வேலைக்குக் கல்லும் மண்ணும் தோண்டி எடுத்த பெரிய பள்ளம், பிறகு தண்ணீர் நின்று குளமாகிவிட்டது. தலைக்கு மேலே பிளேன் இரைந்துகொண்டு போகும். ரத்தினம் சொல்வார், "அந்தச் சத்தத்துக்குள்ள இருந்தாத்தான் அக்கா என்ர மண்டைக்குள்ள சத்தம் நிக்குது." நான் சிரிக்கவில்லை. அந்த நாட்களில் அந்தக் குளம்தான் அவரைப் பிடித்து வைத்திருந்தது என்று எனக்குத் தெரியும்.

கிளப் அவரை ஒரு வருடம் பார்ப்போம் என்ற தவணையில் சேர்த்திருந்தது. எங்கள் ஆட்களில் அங்கே உறுப்பினர் அட்டை கிடைத்த முதல் ஆள். ஒரு பிழை விட்டால் அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். கூட்டி வருகிற விருந்தாளி விடுகிற பிழையும் அவர் கணக்கில்தான் விழும்.

அந்தக் குளத்தின் அடியில் இல்லாத சாமான் இல்லை. முறிந்த மரங்கள், பழைய இயந்திரத்தின் இரும்பு, யாரோ தள்ளிவிட்ட சூப்பர்மார்க்கெட் வண்டில், எல்லாவற்றையும் மூடி ஆள் உயரத்துக்கு நீர்க்களை. தூண்டிலில் பட்ட கெண்டை நேரே அந்தக் களைக்குள்தான் ஓடும். தங்கூசி மெல்லியதாக இருந்தால் அறுந்துபோகும். அறுந்த பிறகு, வாயில் தூண்டில் முள்ளும் பின்னால் முழங்கணக்கில் தங்கூசியுமாக மீன் களையில் கட்டுண்டு கிடந்து சாகும். அதனால் கிளப் ஒரு விதி வைத்திருந்தது. தங்கூசியின் பலத்தை, எத்தனை பவுண்டு பாரம் வரை அறாமல் தாங்கும் என்று, இறாத்தலில் சொல்வது உங்களுக்குத் தெரியும். பன்னிரண்டு இறாத்தலுக்குக் குறைந்த எதுவும் அந்தத் தண்ணீரில் விழக்கூடாது.

இங்கே நீங்கள் ஒன்றை ஞாபகத்தில் வைத்திருக்க வேண்டும். வெள்ளைக்காரர்களுக்கு அந்த மீன்கள் கறிக்கு அல்ல. பிடிப்பார்கள், மெத்தையில் கிடத்துவார்கள், நிறுப்பார்கள், படம் எடுப்பார்கள், உதட்டுப் புண்ணுக்கு மருந்து பூசுவார்கள், திருப்பி விடுவார்கள். பெரிய மீன்களுக்குப் பெயரும் உண்டு. நானும் முதலில் சிரித்தேன். பிறகு, ஊரில் நாங்கள் கோயில் கடாவுக்கு மாலை போட்டுப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டு என்ன செய்தோம் என்று யோசித்துப் பார்த்து, சிரிப்பைக் குறைத்துக்கொண்டேன்.

எங்கள் ஊர்ச் சங்கத்தின் தலைவர் ஒரு சொலிசிட்டர். ஸ்ட்ரெதமில் பெரிய வீடு. வெள்ளைக்காரப் பங்காளிகளோடு சேர்ந்து நடத்துகிற அலுவலகம். ரத்தினத்தின் மனைவி பிள்ளைகளின் விசா பைல் அந்த அலுவலகத்தில்தான் இருந்தது. தலைவர் யாரையும் வெருட்டுகிற ஆள் இல்லை. அதற்கு அவசியமும் வரவில்லை. மண்டபத்தில் கதிரை அடுக்க ஆள் வேண்டுமென்றால் ரத்தினத்தைப் பார்த்து, "தம்பி, உம்மட பைல் எங்க நிக்குது எண்டு ஒருக்காப் பார்க்கவேணும்" என்பார். ரத்தினம் கதிரை அடுக்குவார். நீங்கள் கடையில் நிற்கப்போகிறவர்கள், இந்த வகைக் களையையும் தெரிந்திருக்க வேண்டும்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் ஒரு கோடையில் தலைவருக்கு மீன்பிடியில் ஆசை வந்தது. எப்படி வந்ததென்றால், அவருடைய பெரிய பங்காளி, ஒரு துரை, ஸ்கொட்லாந்தில் ஓடுகிற ஆற்றில் நின்று ட்ரவுட் பிடித்த படத்தை அலுவலகத்தில் மாட்டியிருந்தார். அதைப் பார்த்த நாளிலிருந்து தூண்டில் என்பது துரைமாரின் விளையாட்டாகிவிட்டது. எங்கள் ஆட்கள் செய்யக்கூடாத வேலை ஒரே இரவில் எங்கள் ஆட்கள் செய்யவேண்டிய வேலை ஆனது. என்னைத் துக்கம் விசாரித்த மச்சாளின் புருஷன்தான் முதலில் பெயர் கொடுத்தார்.

சங்கத்தின் வருடாந்தச் சுற்றுலா இந்த முறை மீன்பிடி விழா என்று அறிவித்தார்கள். குளம்? ரத்தினத்தின் குளம். "எங்கட பிள்ளை ஒருத்தர் மெம்பரா இருக்கேக்குள்ள நாங்கள் ஏன் வெளியில போவான்" என்றார் தலைவர். ரத்தினம் தலையாட்டினார். கிளப்பும் விருந்தாளிகளாக வரலாம் என்று சம்மதித்தது, கிளப் செயலாளரும் அன்று வந்து நிற்பார் என்ற நிபந்தனையோடு.

பிறகு தங்கூசி விவகாரம் செயற்குழுவுக்குப் போனது. ரத்தினம் அடுத்த நாள் கடைக்கு வந்து அதைச் சொன்னபோது நான் நம்பவில்லை. டொக்டர் ஒருவர் மீனின் கண்பார்வை பற்றி விளக்கம் கொடுத்தாராம். எஞ்சினியர் ஒருவர், அப்போதுதான் சந்தைக்கு வந்திருந்த பின்னல் நூல்தான் வேண்டும் என்று கணக்குப் போட்டுக் காட்டினாராம், அவர் வாழ்நாளில் தூண்டிலைத் தொட்டதில்லை. இரண்டு பகுதியும் கோபமாகி, பழைய பள்ளிக்கூடச் சண்டையெல்லாம் கிளம்பி, கடைசியில் தலைவர் எழும்பினாராம். துரை பாவிப்பது ஆறு இறாத்தல் தெளிந்த தங்கூசி. ஆகவே சங்கமும் ஆறு இறாத்தல். தீர்மானம் நிறைவேறியது.

"விதி பன்னிரண்டு எண்டு சொன்னனீங்களே?" என்று கேட்டேன்.

"சொன்னனான் அக்கா. 'விதி எண்டது விளக்கத்துக்கு உட்பட்டது தம்பி, அதை நான் கதைக்கிறன்' எண்டார் தலைவர்."

துரை நிற்பது கண்ணாடி மாதிரி ஓடுகிற ஆற்றில், அடியில் கூழாங்கல்லைத் தவிர ஒன்றும் இல்லை. அந்தத் தங்கூசியை ஒரு குப்பைக் கிடங்குக்குள் போடச் செயற்குழு கூடித் தீர்மானம் போட்டிருக்கிறது. தனியாக முட்டாள்தனம் செய்ய எந்த இனத்தாலும் முடியும். கூட்டம் கூட்டி அறிக்கை எழுதிச் செய்வதற்கு நாங்கள்தான் வேண்டும்.

சனிக்கிழமை காலை தலைவரே கடைக்கு வந்தார். கூட எஞ்சினியர், பின்னால் ரீல்கள் நிறைந்த பையைத் தூக்கிக்கொண்டு ரத்தினம். தலைவர் என்னைப் பார்த்துவிட்டு, கடைக்குள் வேறு யாராவது இருக்கிறார்களா என்று எட்டிப் பார்த்தார். முதலாளி ஒரு பெட்டியைப் பிரித்துக்கொண்டிருந்தவர், என்னைக் கையால் காட்டிவிட்டுத் திரும்பிக்கொண்டார்.

"பிள்ளை, இதுகள் எல்லாத்துக்கும் ஆறு இறாத்தல் சுத்தவேணும்."

"ஐயா, அந்தக் குளத்துக்கு அடியில என்ன கிடக்கு எண்டு தெரியுமே?"

"அடியில கிடக்கிறது எங்களுக்கு எதுக்கு? நாங்கள் மேல இருந்துதானே பிடிக்கிறம்."

எஞ்சினியர் சிரித்தார். நான் களையைச் சொன்னேன், மரத்தைச் சொன்னேன், விதியைச் சொன்னேன். தலைவர், வழக்குக் கொண்டுவந்த ஒரு கட்சிக்காரரின் பொய்யைக் கேட்பது போலப் பொறுமையாகக் கேட்டார்.

"நீர் சொல்லுறது சரியா இருக்கலாம். ஆனா இது தீர்மானம். மாத்திறதெண்டா விசேட பொதுக்கூட்டம் கூட்டவேணும். முன்னறிவித்தல் குடுக்கவேணும். விழா அடுத்த ஞாயிறு."

இந்த இடத்தில் உங்களில் சிலர் வாதாடுவீர்கள். உங்களுக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது, ஆகவே வெல்லலாம் என்று நினைப்பீர்கள். தலைவர் பதவியில் இருக்கிற ஒருவரைக் கவுண்டரில் வைத்துத் தோற்கடித்தால், அவர் நேரே அடுத்த கடைக்குப் போய் ஆறு இறாத்தலை வாங்குவார், இப்போது கோபத்தோடு வாங்குவார். சிலர் கேட்டதைக் கொடுத்துவிட்டுப் பேசாமல் இருப்பீர்கள். அப்போது ஒரு மீன் சாகும், ஒரு மனிதர் தன் குளத்தை இழப்பார். எனக்கு இரண்டும் பிடிக்கவில்லை. "சரி ஐயா, ரீலுகளை வச்சிட்டுப் போங்கோ" என்றேன்.

அவர்கள் வெளியே போன பிறகும் ரத்தினம் வாசலில் நின்றார். "அக்கா" என்று மட்டும் சொன்னார்.

நான் சுற்றுகிற இயந்திரத்தில் பதினைந்து இறாத்தல் தெளிந்த தங்கூசிச் சுருளை மாட்டினேன். தூண்டில் தொடாதவர்களுக்கு ஆறும் ஒன்றுதான், பதினைந்தும் ஒன்றுதான். முதலாளி வந்து எட்டிப் பார்த்தார். "ஆறா?" என்று கேட்டார். "ஆறு" என்றேன். சுருளின் லேபிளை வாசித்தார், என் முகத்தை வாசித்தார், கேத்திலைப் போடப் போய்விட்டார். அன்று ஹீட்டரையும் போட்டார் என்று சொல்ல ஆசைதான், ஆனால் அது கோடைகாலம்.

ரத்தினத்துக்குப் போன் எடுத்து விஷயத்தைச் சொன்னேன். "அவருக்குத் தெரிஞ்சா?" என்றார். "பைல் உங்கடை. நீங்கள் வாயைத் திறக்காதேங்கோ, நானும் திறக்கமாட்டன்" என்றேன்.

விழாவுக்கு நானும் போனேன். ரீல் சுற்றியவள் என்பதால் சிக்கல் எடுத்துக்கொடுக்கத் தேவைப்படும் என்று தலைவர் கூப்பிட்டிருந்தார். குளக்கரையில் பாயும் கதிரையும் விரித்து, கல்யாண வீட்டுப் பானையில் சோறு கொண்டுவந்து இறக்கினார்கள். தலைவரின் மனைவி மீன் குழம்புக்கென்று தனியாக இன்னொரு பானையும், வறுத்த தூளும், பழப்புளியும் கொண்டுவந்திருந்தார். பிடிக்கிற மீனைத் திருப்பி விடவேண்டும் என்று நான் சொன்னதும் அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும்.

"பிடிச்சு, மருந்து போட்டு, திருப்பி விடுறதோ? உவங்கள் என்ன ஆஸ்பத்திரியே நடத்துறாங்கள்?"

கிளப் செயலாளர் நரைத்த மீசையும் மடக்குக் கதிரையுமாக ஒரு பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். நல்ல மனிதர். ஆனால் விதிக்குப் பிறந்து விதிக்குள் வளர்ந்தவர். ரத்தினம் ஒவ்வொருவராக ஓடி ஓடி முள்ளில் இரை குத்திக் கொடுத்தார். காலை முழுக்க எங்கள் ஆட்கள் மரக்கிளைகளைப் பிடித்தார்கள், ஒருவரையொருவர் பிடித்தார்கள், எஞ்சினியர் தன் தொப்பியைப் பிடித்தார்.

மத்தியானச் சாப்பாட்டுக்குக் கூப்பிடுகிற நேரம் பார்த்து தலைவரின் தூண்டில் தடி வளைந்தது. ரீல் அலறியது. பெரிய மீன், நேரே களைக்குள் போய்ப் படுத்துவிட்டது. கரை முழுவதும் எழும்பி நின்றது.

"இழுங்கோ", "விடாதேங்கோ", "பின்னுக்குப் போங்கோ" என்று ஆளுக்கொரு பக்கம். ரத்தினம் ஓடி வந்து, "ஐயா, கொஞ்சம் தளர விடுங்கோ, அது தானா வெளியில வரும்" என்றார். உண்மை அதுதான். களைக்குள் போன மீனுக்கு நேரம் கொடுக்க வேண்டும். தலைவர் யாருக்கும் நேரம் கொடுத்துப் பழக்கமில்லாதவர். தடியைத் தோளில் வைத்துக்கொண்டு, தேர் இழுக்கிற மாதிரி திரும்பி நடந்தார். பாயைத் தாண்டினார், சோற்றுப் பானையைத் தாண்டினார். ஆறு இறாத்தல் என்றால் அவர் பாய்க்குப் போகமுன்பே அறுந்திருக்கும். பதினைந்து தாங்கியது. ஒரு வைக்கோல் போர் அளவுக்குக் களை கரையை நோக்கி ஊர்ந்து வந்தது, அதற்குள் மீன்.

ரத்தினம் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி வலையால் கோரி எடுத்தார். கிளப் செயலாளர் ஓடி வந்து, "டோரிஸ்" என்றார். அந்தக் கெண்டையின் பெயர். பல வருடமாக ஒருவர் கையிலும் படவில்லையாம். மெத்தையில் கிடத்தி, உதட்டில் மருந்து பூசிக்கொண்டே, இவ்வளவு களைக்குள்ளிருந்து கொண்டுவந்ததற்குத் தலைவரைப் பாராட்டினார். ரத்தினத்தின் தோளிலும் தட்டினார். ரத்தினத்தின் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் அதற்கு முதல் பார்த்ததில்லை. நாங்கள் தப்பிவிட்டோம் என்று நினைத்தேன்.

மீனைத் தண்ணீரில் விட்டதும் தலைவர் தொண்டையைச் செருமினார். அந்தச் செருமல் எனக்குத் தெரியும், பேச்சு வரப்போகிறது. ஆங்கிலத்தில், எல்லோருக்கும் கேட்க, பலம் என்பது தடிப்பில் இல்லை, நுட்பத்தில் இருக்கிறது என்று தொடங்கினார். ஆறே ஆறு இறாத்தல் தங்கூசியில் இந்த மீனைத் தான் கரைசேர்த்ததாகவும், அது சங்கத்தின் ஏகமனதான தீர்மானம் என்றும் சொன்னார்.

கிளப் செயலாளர் மருந்துப் போத்தலை மூடினார்.

"ஆறா?" என்றார்.

"ஆறு" என்றார் தலைவர், படத்துக்கு நிற்கிற முகத்தோடு.

செயலாளர் ரத்தினத்தைப் பார்த்து, மிக மரியாதையாக, விதி தெரியும்தானே என்று கேட்டார். ரத்தினம் ஈரக் காற்சட்டையோடு நின்று தலையாட்டினார். அப்படியென்றால் எல்லோரும் தடியைச் சுருட்டலாம், உங்கள் அட்டையை நான் வாங்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது, மன்னியுங்கள் என்று கையை நீட்டினார். ரத்தினம் பொக்கற்றுக்குள் கையை விட்டார். உண்மையைச் சொன்னால் தலைவரை முழுச் சங்கத்துக்கும் முன்னால் கோமாளியாக்க வேண்டும், தலைவரின் அலமாரிக்குள் மனைவியும் பிள்ளைகளும் இருந்தார்கள்.

தலைவர் உதவிக்கு வந்தார். அதாவது வாதாடத் தொடங்கினார். "தங்கூசி" என்பதற்கு விதியில் வரைவிலக்கணம் உண்டா என்று கேட்டார். மீன் கரைக்கு வந்ததே தங்கூசி போதுமென்பதற்குச் சாட்சி என்றார். ஒவ்வொரு சொல்லுக்கும் செயலாளரின் மீசை இன்னும் இறுகியது. அவர் பேசப் பேச ரத்தினத்தின் குளம் தூரப் போய்க்கொண்டிருந்தது.

கோபத்தில் உண்மையைக் கொட்டிவிட இரண்டு தரம் வாய் திறந்தேன். ஐயா, உங்களை ஏமாற்றிச் சுற்றிக் கொடுத்தேன், உங்களுக்குத் தங்கூசியும் தெரியாது, மீனும் தெரியாது என்று சொல்ல எவ்வளவு ஆசை. சொல்லியிருந்தால் எனக்கு வாழ்நாள் முழுக்க இனித்திருக்கும். ரத்தினத்துக்கு வாழ்நாள் முழுக்கக் கசந்திருக்கும். பெரிய மனிதரைத் திருத்துவதென்றால், அவர் நிமிர்ந்து வெளியேற ஒரு வாசலையும் சேர்த்துத் திறந்துவிட வேண்டும்.

நான் முன்னால் போய் ஆங்கிலத்தில் சொன்னேன். தீர்மானம் ஆறுதான். ஆனால் வெள்ளிக்கிழமை ஐயா கடைக்குப் போன் எடுத்து, கிளப்பின் விதிக்கு மதிப்புக் கொடுக்க வேண்டும், பதினைந்து சுற்றுங்கள் என்று சொன்னார். அவர் அடக்கத்தால் அதைச் சொல்லாமல் இருக்கிறார்.

ஒரு பிளேன் தலைக்கு மேலே போனது. அது போய் முடியும்வரை தலைவர் என்னைப் பார்த்தார். வழக்கறிஞர்களில் எனக்கு ஒரு மரியாதை உண்டு. பொய் எங்கே நிற்கிறது, அதில் தங்களுக்கு என்ன லாபம் என்று அவர்கள் கண் இமைக்கிற நேரத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள்.

"அதைத்தான் சொல்ல வந்தேன்" என்றார் தலைவர் செயலாளரிடம். "நீங்கள் விதியைக் கவனிக்கிறீர்களா என்று பார்த்தேன். கவனிக்கிறீர்கள். மிக்க மகிழ்ச்சி."

செயலாளர் நம்பவில்லை. மீன் நிறுக்கிற தராசை எடுத்து, தலைவரின் தங்கூசியை அதில் கட்டி இழுத்தார். முள் ஆறைத் தாண்டியது, பத்தைத் தாண்டியது, பன்னிரண்டையும் தாண்டியது. தங்கூசி அறவில்லை. அவர் தராசைப் பைக்குள் வைத்து, ரத்தினத்தின் கையிலிருந்த அட்டையை மெதுவாக அவர் பொக்கற்றுக்கே தள்ளிவிட்டார்.

சாமான் ஏற்றும்போது தலைவர் என்னைத் தனியே கூப்பிட்டார். கோபப்படப் போகிறார் என்று நினைத்தேன்.

"பிள்ளை, நான் எத்தனை மணிக்குப் போன் எடுத்தனான்?"

"நீங்கள் சொல்லுங்கோ ஐயா."

"பின்னேரம் எண்டு வைப்பம். கோர்ட்டால வந்த பிறகு."

அடுத்த பொதுக்கூட்டத்தில் அந்தத் தொலைபேசி அழைப்பைப் பற்றி ஒரு பேச்சே பேசினார். தனியொருவராக நின்று முடிவெடுக்கும் பொறுப்பு பற்றியது. என்னைச் சாட்சிக்கு எழுப்பினார். நான் "ஓம், வெள்ளிக்கிழமை பின்னேரம்" என்றேன். எஞ்சினியர் எழும்பி, அந்த நேரம் தானும் பக்கத்தில் நின்றதாகவும், பதினைந்து என்று சொல்லிக்கொடுத்ததே தான்தான் என்றும் சொன்னார். தலைவர் போட்டியின்றித் திரும்பவும் தெரிவானார். கூட்டம் முடிந்து கதிரை அடுக்கிக்கொண்டிருந்த ரத்தினம் என்னைப் பார்த்து, "என்ர குளத்தைக் காப்பாத்தித் தந்தனீங்கள் அக்கா, ஆனா இந்த மனுசனை எங்கட தலையில நிரந்தரமாக் கட்டிப்போட்டியள்" என்றார். நானும் ஒரு கதிரையை எடுத்து அடுக்கினேன்.

அடுத்த வருடம் ரத்தினத்தின் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் விசா கிடைத்தது. வந்து சில கிழமைகளில் மனைவி ஒரு தட்டு நிறையப் பலகாரம் சுட்டு, தலைவர் வீட்டுக்கு நன்றி சொல்லப் புறப்பட்டார். போகிற வழியில் இருவரும் கடைக்குள் வந்தார்கள். ரத்தினம் சிவந்துபோய் நின்றார்.

"அக்கா, நீங்களே இவவுக்குச் சொல்லுங்கோ. குளத்தை ஆர் காப்பாத்தினது? அந்த மனுசனோ?"

நான் வாயைத் திறக்கமுன் அவர் மனைவி மறித்தார்.

"எனக்கு இவர் எல்லாம் சொன்னவர் அக்கா. நான் நம்புறன். ஆனா எங்களுக்கு இப்ப ஒரு வருச விசாதானே. நிரந்தர விசாவுக்குத் திரும்ப எழுதவேணும். பைல் இன்னும் அவற்ற கந்தோரிலதான் கிடக்கு. உண்மை எங்கையும் ஓடிப்போகாது. பணியாரம் ஆறமுன்னம் போகவேணும்."

எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. இந்த நாட்டில் கால் வைத்துச் சில கிழமைதான், தண்ணீருக்கு அடியில் என்ன கிடக்கிறது என்று அந்த மனுசிக்குத் தெரிந்திருந்தது. அவர்கள் போனதும் முதலாளியிடம், சனிக்கிழமைகளுக்கு ஆள் வேண்டுமென்றீர்களே, ரத்தினத்தின் மனைவி இருக்கிறார் என்றேன். சனிக்கிழமைக்கு வந்தவர் பிறகு கிழமை முழுக்க நின்றார், முதலாளி ஓய்வெடுத்தபோது கடையையே விலைக்கு எடுத்தார். இப்போது உங்களுக்குச் சம்பளம் தருகிறவரைப் பற்றித்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.